தெருவிளக்குக்கு ஒரு தகர மூடி

தெலியா காரெய்ஸ் செடிகளிடம் பேசுகிறவள் இல்லை. கோழிக்கறித் தொழிற்சாலையில் குளிர்ந்த மேசை முன்னால் நின்று பல வருடமாகக் கத்தி பிடிக்கிறவள். அந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் மட்டும், பின்கட்டுச் சுவரோரம் தோள் உயரத்துக்கு நின்ற மூன்று கஞ்சாச் செடிகளைப் பார்த்து, "பூத்துத் தொலைங்களேன்! யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கத்திவிட்டாள்.

காரணம் அடுக்களை அலமாரியில் இருந்தது. மகள் ஐலெனின் எண்ணெய்க் குப்பியில் அடி தெரிய ஆரம்பித்திருந்தது.

ஐலெனுக்கு ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. மருத்துவர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்த மாத்திரைகளில் பிள்ளை தூங்கினாள், வலிப்பு தூங்கவில்லை. அக்கம்பக்கத்தார் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினாள். மெழுகு உருகியது, வேறொன்றும் நடக்கவில்லை. கடைசியில் சுலெமா என்பவள், அதே நோயுள்ள ஒரு பையனின் தாய், தான் வளர்த்த செடியிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொண்டுவந்தாள். நாக்குக்கு அடியில் சில சொட்டு. அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு தெலியாவும் தன் பின்கட்டில் வளர்க்க ஆரம்பித்தாள். விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க ஐலென் எந்நேரமும் போட்டிருந்த தலைக்கவசம் இப்போது அடுக்களை ஆணியில் தொங்குகிறது. இதை அற்புதம் என்று யாராவது சொன்னால் தெலியாவுக்குக் கோபம் வரும்.

அர்ஜென்டினா அரசாங்கம் அப்போது ஒரு விசித்திரக் கருணை காட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து குப்பியில் வந்தால் அது மருந்து. அதே செடி தெலியாவின் தொட்டியில் வளர்ந்தால் குற்றம், சிறை. அந்தக் குப்பியின் விலை தெலியாவின் சம்பளத்துக்கு எட்டாது. ஆக, வசதியுள்ளவர் பிள்ளைக்கு மருத்துவர் வருவார், தெலியாவின் பிள்ளைக்குப் போலீஸ் வரும். இதற்குப் பெயர் சட்டம்.

சுலெமா வந்து செடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மாட்டுக்கு அறுத்துப் போடலாம் போல கொழுத்துக் கிடக்கு. பூ ஒண்ணுகூட இல்லியேடி! என் வீட்டுல பூ வெள்ளை நார் விட்டு வாசனை தெருவைத் தூக்குது."

"உரத்தை மாத்தினேன், மண்ணை மாத்தினேன். இனி என்னையத்தான் மாத்தணும்."

சுலெமா அண்ணாந்து பார்த்தாள். சுவருக்கு மேலே, தெருமுனைக் கம்பத்தில், டிசம்பரில் நகராட்சி மாட்டிய எல்.இ.டி விளக்கு.

"அது எரிஞ்சா இங்க எப்படி இருக்கும்?"

"பேப்பர் படிக்கலாம்."

"அப்ப அதான். ராத்திரி நீளமாகுதுன்னு தெரிஞ்சாத்தான் இது பூ விடும். உன் செடிக்கு ராத்திரியே வரல. இன்னும் நடுக்கோடைன்னு நெனச்சு வளந்துட்டே இருக்கு, மக்குச் செடி."

அன்றிலிருந்து மாலையானதும் தெலியா கறுப்புத் தார்ப்பாயைப் போட்டுச் செடிகளை மூடினாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை நீண்டது. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தோன் ஃபெர்மின். தன் மோட்டார்சைக்கிள் திருட்டுப் போனதும் நகராட்சிக்கு அலையாக அலைந்து அந்த விளக்கை வாங்கிவந்தவர் அவர்தான்.

"என்ன தெலியா, பொழுது சாஞ்சா பிணத்தை மூடுற மாதிரி மூடுற? யாரைக் கொன்ன?"

"தக்காளி, தோன் ஃபெர்மின். குளிர் தாங்காது."

"பிப்ரவரிக் கோடையிலயா?"

தெலியா தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தார்ப்பாய்க்குள் புழுங்கி ஒரு செடியின் தண்டில் பூஞ்சணம் ஏறியது. வேரோடு பிடுங்க வேண்டியதாயிற்று. மீதி இரண்டு. நகராட்சிக்குப் போய் விளக்குக்கு ஒரு பக்கம் மறைப்புப் போடச் சொன்னாள். தெருக்காரர்கள் எல்லோரும் சம்மதித்தால்தான் முடியும், குறிப்பாக விளக்கைக் கேட்டு வாங்கியவர் சம்மதிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை தெருக்கூட்டம்.

"நல்ல பொய்யா ஒண்ணு சொல்லுடி. வெளிச்சத்துல புள்ள தூங்க மாட்டேங்குதுன்னு சொல்லு" என்றாள் சுலெமா.

"தோன் ஃபெர்மின் ஏற்கெனவே மோப்பம் பிடிச்சாச்சு. ஒளிச்சு வெச்சாத்தானே காட்டிக்கொடுக்க முடியும்? நானே சொல்லிட்டா அவரு எதைக் கொண்டுபோய்ச் சொல்வாரு?"

தெலியா கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"என் வீட்டுல கஞ்சா வளக்கறேன். ஐலெனுக்கு. அவ விழுந்து கிடந்ததை இங்க எல்லாரும் பாத்திருக்கீங்க, தூக்கிவிட்டிருக்கீங்க. இப்ப விழறதில்ல. ஏன்னு யாருமே கேக்கல. இந்த விளக்கு எரியறதால செடி பூக்கல. பூக்கலன்னா எண்ணெய் இல்ல. எண்ணெய் இல்லன்னா நீங்க மறுபடியும் தூக்கிவிடணும்."

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. தோன் ஃபெர்மின் தொண்டையைச் செருமினார்.

"நான் சீருடை போட்ட காலத்துல இதைப் பிடுங்கி எரிச்சிருக்கேன்."

"எரிச்சதுல யாருக்காவது வலிப்பு நின்னுச்சா?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா."

"இருக்கு. தப்பா இருக்கு. ஒரு நாள் திருத்துவாங்க. அதுக்குள்ள எம்பொண்ணு குப்பி காலியாயிடும்."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். தோன் ஃபெர்மின் மட்டும் கையைக் கட்டியபடியே உட்கார்ந்திருந்தார். அவர் கை தூக்காமல் நகராட்சி அசையாது.

"சரி, நானே மூடிக்கறேன்" என்றாள் தெலியா. "தெருவை இல்ல, என் சுவர்ப் பக்கம் மட்டும். போலீஸைக் கூப்பிடணும்னா சனிக்கிழமை காலைல வரச் சொல்லுங்க. ஏணி மேல இருப்பேன், தேட வேண்டியதில்ல."

சனிக்கிழமை, சூரியகாந்தி எண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி வளைத்துக் கம்பியோடு மேலே ஏறினாள். சுலெமா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஐலென் வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். தெலியா தகரத்தைக் கட்டுவதும் தெருக்கோடியைப் பார்ப்பதுமாக இருந்தாள். போலீஸ் வண்டி எதுவும் வரவில்லை. மாத்தே தேநீர்க் கிண்ணத்தை உறிஞ்சிக்கொண்டு தோன் ஃபெர்மின்தான் வந்தார். கம்பத்துக்கு அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இடது பக்கம் திருப்பு. என் வாசல்ல நிழல் விழும்."

"விளக்கே எரியல, எப்படித் தெரியுது?"

"எத்தனை ராத்திரி இங்க நின்னிருக்கேன், எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம். போதும், போதும்." கிண்ணத்தை மறுபடி உறிஞ்சினார். "தக்காளிக்கு இருட்டு வேணும்னா இருக்கட்டும். என் வாசலுக்கு வெளிச்சம் வேணும், அவ்வளவுதான்."

மார்ச் பாதியில் நுனிகளில் வெள்ளை நார் எட்டிப் பார்த்தது. ஆனால் அறுவடைக்கு முன்பே குப்பி தீர்ந்தது. சுலெமா தன் மகனுக்குப் போக மிஞ்சியதைக் கொடுத்தாள், அது போதவில்லை. ஐலென் இரண்டு தடவை விழுந்தாள். தலைக்கவசம் ஆணியிலிருந்து இறங்கியது. இலையுதிர் காலத்தில் புது எண்ணெய் வந்த பிறகு மீண்டும் ஆணிக்கே போயிற்று.

மறு வருடக் கடைசியில் சட்டம் மாறியது. நோயாளிக்காக வீட்டில் வளர்க்கலாம், பதிவு செய்தால் போதும். பதிவு அலுவலகத்தில் ஓர் இளம்பெண் கேட்டாள்:

"எப்பலேருந்து வளக்கறீங்க, சென்யோரா?"

தெலியா வருடத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன.

"அப்ப இதுக்கு அனுமதியே கிடையாதே!"

"எம்பொண்ணு அந்த அனுமதிக்கு முன்னாடியே பொறந்துட்டா. எழுதிக்கம்மா."