கடைக்குட்டி ஜெயித்த ஞாயிறு

லிஃப்ட்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பரபரப்பு என்றாலே ஆகாது. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன். பரபரப்பு என்று ஒன்று வந்தால், எவரோ ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார் என்றுதான் அவருக்கு அர்த்தம். "இன்னைக்கு வேலை எப்படி?" என்று மனைவி கேட்டால், "ஒண்ணும் நடக்கலை" என்பார். சொல்லும்போது முகத்தில் அத்தனை திருப்தி. இப்படிப்பட்ட ஆளுக்குக் கார் பந்தயத்தின் மேல் பைத்தியம் என்றால் எவன் நம்புவான்? ஆனால் பைத்தியம்தான், அதுவும் சாதாரணப் பைத்தியம் இல்லை.

அதை ஏற்றிவிட்டவர் அவருடைய அண்ணன். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "வேன்ல ரொட்டிக்கே இடம் பத்தலை" என்று சிரிப்பார். தம்பி வீட்டு முன்னறையை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில்தான் வாசம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் முன்னறை டிவிக்கு எதிரே அண்ணன், தம்பி, எதிர்ச்சாரி டயர் கடைக்காரர், மேல்வீட்டு டெய்லர் என்று நாலு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் வீடு ரெண்டுபடும்.

சண்டை எதற்கென்றால், அந்த வருஷங்களில் ஒரே ஒரு டீம்தான் கொடிகட்டிப் பறந்தது. கறுப்பு வண்டிகள். கிளம்பும்போதும் முதல், முடியும்போதும் முதல். அண்ணன் அந்த டீமுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார். "எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாற்காலி அவனுக்குத்தானே!" எப்போதும் கடைசியில் தள்ளாடிக்கொண்டு வருகிற மஞ்சள் வண்டிக்குப் பேர் 'கடைக்குட்டி'. அண்ணனுக்கு உயிர் கடைக்குட்டி மேல். லிஃப்ட்காரரோ மாப்பிள்ளை கட்சி.

"அதுல என்னடா இருக்கு? முன்னால ஒருத்தன் போறான், பின்னால எல்லாரும் போறாங்க. இதைப் பார்க்க ரோட்டோரம் நின்னாப் போதாதா?" என்று கத்துவார் அண்ணன்.

"அண்ணே, இத்தனை சுத்து சுத்தியும் ஒரு நட்டு கழலலை, ஒரு டயர் சொதப்பலை. சும்மா வருமா அது? எத்தனை பேர் ராத்திரி பகலா உழைச்சிருப்பாங்க! ஒண்ணும் நடக்காம பார்த்துக்கறதுதான் அண்ணே பெரிய வித்தை."

"லிஃப்டுக்கு அது சரி. பந்தயத்துக்கு எதுக்குடா? போய் லிஃப்டையே பாரு!"

டயர்க்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருக்கு டயர் மாற்றுகிற காட்சி வந்தால் போதும், எவன் ஜெயித்தாலும் சரி. ஆனால் அவரே ஒருநாள், "முடிவு தெரிஞ்ச படத்தை எத்தனை தடவை பார்க்கிறது?" என்று எழுந்து போனவர், அப்புறம் வரவே இல்லை. டெய்லர் அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டார். அந்த வருஷம் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பழைய ஆட்கள் அலுத்துப்போய் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இவர்கள் ரெண்டு பேர்தான் மிச்சம்.

பந்தயம் முடிந்து ஜெயித்தவன் மேடையேறினால் அவன் நாட்டுத் தேசிய கீதத்தைப் போடுவார்கள். வாரா வாரம் அதே பாட்டு. கேட்டுக் கேட்டு அண்ணனுக்கு மனப்பாடம். வாயாலேயே பேண்டு வாசித்துக்கொண்டு, கரண்டியைத் தூக்கிப்பிடித்து, "மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்க!" என்று சமையலறை வரைக்கும் ஊர்வலம் போவார். தம்பி மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அப்புறம் சர்க்கரை வியாதி அவர் கண்ணில் கை வைத்தது. முதலில் ஒரு கண், அடுத்த வருஷமே இன்னொன்று. வேன் போயிற்று, வேலை போயிற்று. இருபது தெருவுக்கு ரொட்டி போட்டவர் கழிப்பறைக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனார்.

பந்தயத்தை மட்டும் விடவில்லை. டிவியில் பேசுகிறவன் புரியாத பாஷையில் சள்புள்ளென்று கத்துவான். அதனால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். லிஃப்ட்காரரும் யோக்கியமாகத்தான் சொன்னார்.

"மாப்பிள்ளை முதல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

"இப்பவும் மாப்பிள்ளைதான்."

"கடைக்குட்டி?"

"பின்னால வருது அண்ணே."

கண் இருந்தால் வண்டியின் நிறத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். வெறும் காதை வைத்துக்கொண்டு இந்தக் கழுத்தறுப்பை எவ்வளவு நேரம் தாங்குவது? ஒரு ஞாயிறு, பாதியிலேயே எழுந்துவிட்டார். "நீ பாருடா. நான் படுக்கறேன்." அடுத்த ஞாயிறு அறையை விட்டே வரவில்லை. அதோடு சாப்பாடும் குறைந்தது. மாத்திரையைக் கொடுத்தால் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, முழுங்கியாச்சு என்பார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

"மாமா இப்படியே போனா தாங்கமாட்டார். எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் மனைவி.

லிஃப்ட்காரருக்கும் அதே பயம்தான். அப்பா இல்லாத வீட்டில் அவரைப் படிக்கவைத்து, வேலை கற்றுக்கொள்ள அனுப்பி, ஆளாக்கியவர் அண்ணன். அவர் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்குமா?

அடுத்த ஞாயிறு அறை வாசலில் நின்று, அண்ணன் காதில் விழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். "ஐயோ! கடைக்குட்டி ரெண்டு பேரைத் தாண்டிட்டான் அண்ணே!"

பச்சைப் பொய். கடைக்குட்டி அன்றைக்கும் வழக்கம்போல வாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "என்னடா சொல்றே? எங்க தாண்டினான்? வளைவுலயா, நேர் ரோட்டுலயா?"

"வளைவுல அண்ணே, உள்பக்கமா நுழைஞ்சு!"

அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "டீ இருக்காம்மா?" என்று கேட்டார். மனைவி அடுப்படிக்கு ஓடினாள்.

அப்புறம் என்ன, ஒரு பொய்க்குக் கதவைத் திறந்தால் மீதியெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வாரா வாரம் லிஃப்ட்காரர் ஒரு பந்தயத்தைக் கண்ணால் பார்த்தார், வேறொரு பந்தயத்தை வாயால் ஓட்டினார். மாப்பிள்ளையின் எஞ்சினில் புகை வரவைத்தார். டயரைக் கிழித்தார். ஒருநாள் வளைவில் மணலில் இறக்கிவிட்டார். அவருக்குப் பிடித்த வண்டி ஒரு குறையும் இல்லாமல் கண்ணெதிரே பறந்துகொண்டிருக்கும், இவர் அதைத் தோற்கடித்துக்கொண்டிருப்பார். வயிற்றெரிச்சலாக இருக்கும்தான். ஆனால் அண்ணன் கையைத் தட்டி, "போட்டான் பாரு!" என்று துள்ளும்போது அதெல்லாம் எங்கேயோ போய்விடும். கடைக்குட்டிக்கு மட்டும் முதலிடம் கொடுக்கவில்லை. என்ன இருந்தாலும் ஜாக்கிரதைக்காரர் ஆயிற்றே, ஒரேயடியாகத் தூக்கினால் சந்தேகம் வரும் என்று சிவப்பு வண்டிக்கோ நீல வண்டிக்கோ வெற்றியைக் கொடுத்துவந்தார்.

ஒரே சிக்கல் அந்தப் பாட்டு. பந்தயம் முடிந்து பாட்டைப் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ஜெயித்தவன் மேடையேறியதுமே ரிமோட்டை அமுக்கிச் சத்தத்தை அடைத்துவிடுவார். "விளம்பரம் போட்டுட்டான் அண்ணே, சனியன்." வாரா வாரம் இப்படிச் செய்து செய்து கட்டைவிரலுக்கே அது பழகிவிட்டது.

"கண்ணு தெரியாதவரை இப்படி ஏமாத்தலாமாங்க?" என்றாள் மனைவி ஒருநாள்.

"சாப்பிடுறாரா இல்லையா?"

அவள் அண்ணனின் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆனால் வியாதி பொய்க்கெல்லாம் மயங்காது. சிறுநீரகமும் கைவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் லிஃப்ட்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "கூடவே இருங்க" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எவருக்குத்தான் தெரியாது?

அந்த ஞாயிறும் பந்தயம் இருந்தது. லிஃப்ட்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து செல்போனில் போட்டார்.

அங்கே வண்டிகள் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. முதல் வளைவிலேயே மாப்பிள்ளையின் ரெண்டு வண்டியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு ஓரத்தில் நின்றன. லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் டயர் மாற்ற ஓடினார்கள். கடைக்குட்டி மட்டும் ஆரம்பத்திலேயே மழை டயரோடு கிளம்பியிருந்தது. ஒவ்வொருவராகத் தாண்டி, ஒவ்வொருவராகத் தாண்டி, அந்த மஞ்சள் வண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. நிஜமாக!

"அண்ணே! அண்ணே, மழையில கடைக்குட்டி முதல்ல போறான்! யாருமே பக்கத்துல இல்லை!" குரல் உடைந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதட்டில் ஒரு சிரிப்பு. "மழையா? சரி. அப்புறம்?"

கடைசிச் சுற்று வரைக்கும் லிஃப்ட்காரர் மூச்சு விடாமல் சொன்னார். கொடி அசைந்தது. கடைக்குட்டி ஜெயித்துவிட்டது. சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்தவன் மேடையேறும்போது, அந்தக் கண்ணீரோடு கண்ணீராக, கட்டைவிரல் பழக்கதோஷத்தில் போய்ச் சத்தத்தை அடைத்துவிட்டது.

அண்ணன் மெல்லச் சிரித்தார். "விளம்பரமா?"

லிஃப்ட்காரர் சட்டென்று திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"முதல் வாரமே தெரியும்டா. வேற எவனாவது ஜெயிச்சிருந்தா அவன் பாட்டைக் கேட்க விட்டிருப்பியே. மாப்பிள்ளை பாட்டுன்னா மட்டும்தானே அடைக்கணும்?"

"அண்ணே, இல்ல அண்ணே, இன்னைக்கு நிஜம்! உன் மேல சத்தியமா நிஜம்!" சத்தத்தைத் திறந்தார். பாட்டு முடிந்துபோயிருந்தது. அந்தப் பாஷைக்காரன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். முன்னே பின்னே தள்ளிப் பார்த்தார். படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நர்ஸ் வந்து, "நேரமாச்சு சார், ராத்திரி இங்க யாரும் தங்கக்கூடாது. அவரைத் தூங்க விடுங்க" என்றாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில பாட்டைப் போட்டுக் காட்டுறேன். கேட்டா நம்புவே."

அண்ணன் அவர் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "எதுக்குடா? நல்லா இருந்துச்சு. நீ சொன்னதுலயே இதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "எனக்காக வாரா வாரம் உன் ஆளைத் தோக்கடிச்சியேடா. பாவம் நீ."

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் அந்தப் பாட்டைத் தேடிப்பிடித்துச் செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டார். ரெண்டு தடவை போட்டுச் சரிபார்த்தார். மனைவிக்கும் போட்டுக் காட்டினார். புதுப் பாட்டு, அந்த வீட்டில் ஒருநாளும் கேட்காத பாட்டு. காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

துக்கம் கேட்க டயர்க்காரர் வந்தார். எழுந்து போகும்போதுதான் மனசு ஆறாமல் கேட்டார். "நேத்து பந்தயம் பார்த்தீங்களா? நான்கூட எத்தனையோ நாள் கழிச்சு நேத்துதான் போட்டேன். கடைக்குட்டி ஜெயிச்சிட்டான்! நம்ம அண்ணன் நல்லபடியா வீட்ல இருந்து கேட்டிருந்தா என்ன குதி குதிச்சிருப்பார்... அவருக்கு அதையாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றார் லிஃப்ட்காரர்.

"அப்பாடா. கேட்டுட்டு என்ன சொன்னார்?"

"நல்லா இருந்துச்சுன்னார்," என்று சொல்லிவிட்டு, டயர்க்காரரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.