பிடுங்காத குழாய்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஒட்டிய சோல் பிரிகிறதா என்று கட்டைவிரலால் நெம்பிப் பார்க்க வேண்டும். பிரிந்தால் ரிஜெக்ட், பிரியாவிட்டால் பாஸ். இத்தனை வருடத்தில் அது புத்தியிலேயே ஊறிவிட்டது, எதைப் பார்த்தாலும் அதன் விளிம்பைத் தேடி விரல் போகும். அதனால் வேலூரில் குழந்தைகள் வார்டில் என் மகளைச் சேர்த்திருந்தபோது, அவள் மூக்குக் குழாயின் பிளாஸ்திரியைக் கவனிக்கிற வேலையை நர்ஸ் என்னிடம் விட்டது எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை.

அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து சில மாதம். மூளைக் காய்ச்சல். காய்ச்சல் இறங்கிவிட்டது, அவள்தான் திரும்பி வரவில்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும். வாயில் கொடுத்தால் புரையேறும் என்பதால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். பால், கஞ்சி எல்லாம் அதில்தான். "கை கால் அசைவு வருதான்னு பார்க்கணும். வந்தா நல்லது" என்றார் டாக்டர். வராவிட்டால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குழாயை ஒட்டுவதற்கு நர்ஸ் ஒரு வழி வைத்திருந்தார். பிளாஸ்திரியைப் பேன்ட் மாதிரி வெட்டுவார். இடுப்புப் பக்கம் மூக்கின் மேல் உட்காரும். இரண்டு காலையும் குழாயைச் சுற்றி எதிரெதிராகச் சுற்றுவார். மிச்சக் குழாயைக் கன்னத்தில் ஒட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோவார். மூக்கில் குழாய் நுழைகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு. கோடு வெளியே நகர்ந்திருந்தால் பால் விடக்கூடாது, உடனே கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாலுக்கு முன்னால் கோட்டைப் பார்ப்பேன், பிளாஸ்திரியின் விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். பாஸ் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பக்கத்துக் கட்டிலில் பேர்ணாம்பட்டு பாயம்மா ஒருவர், ஒரு வயதுப் பையனோடு இருந்தார். அந்தப் பையனுக்கும் மூக்குக் குழாய். அவன் அதை நிற்க விட்டதே இல்லை. கையில் உறை மாட்டினால் பல்லால் கழற்றுவான், குழாயைக் கட்டிலில் தேய்த்து உருவுவான். திரும்பப் போடும்போது வார்டே அதிரும்படி கத்துவான்.

"ஒரே பேஜாரா இருக்குதுக்கா இவனோட" என்பார் அந்த அம்மா. "இப்பத்தான் போட்டாங்க, அதுக்குள்ள புடுங்கிட்டான். உங்க பாப்பா பாருங்க, எவ்ளோ சமத்து."

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்கிறவர் இல்லை. நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தச் சமத்தைத் தூக்கிக் குப்பையில் போடலாம்போல இருந்தது. அவர் மகன் கத்துகிற கத்தலைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன்.

ஒரு நாள் பெரிய நர்ஸ், நர்ஸுக்குப் படிக்கிற பெண்களை எங்கள் கட்டிலுக்கு அழைத்து வந்தார். "இங்க பாருங்க, எப்படி ஒட்டினா நிக்கும்னு. இந்தக் குழந்தைக்குப் போட்ட குழாய் இதுவரைக்கும் வெளிய வந்ததே இல்ல." பெண்கள் குனிந்து பார்த்தார்கள். கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிற பையர் வரும்போது நல்ல ஜோடியாகப் பார்த்து மேலே எடுத்து வைப்போம். அப்படிக் கிடந்தாள் என் மகள்.

சாயந்திரம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்த என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "எல்லாரும் சேர்ந்து பார்த்தா கண்ணு படாதா?" என்று கீழே போய் ஒரு மை டப்பா வாங்கிவந்தார்.

"இன்னா கண்ணு படப்போவுது? இதப் பார்த்து எவன் வயிறெரிவான்?" என்றேன்.

அவர் டப்பாவைத் திறந்தார். மகளின் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டாக வைத்தார், பிளாஸ்திரியை ஒட்டியே. நானும் தடுக்கவில்லை. அந்த மனுஷனுக்குச் செய்வதற்கு வேறு என்னதான் இருந்தது?

காலையில் பாலுக்கு முன்னால் தடவிப் பார்த்தபோது விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தது. மையின் எண்ணெய்ப் பசை வியர்வையோடு உள்ளே இறங்கி, கன்னத்திலிருந்து மூக்குவரை பிளாஸ்திரி வழுக்கிக்கொண்டு நின்றது. நர்ஸைக் கூப்பிட்டேன்.

"மை, எண்ணெ, பவுடர் எதுவும் முகத்துல வைக்கக் கூடாதும்மா, ஒட்டாது" என்று கடிந்துகொண்டே பிளாஸ்திரி முழுவதையும் உரித்தார். கன்னத்தில் தோல் சிவந்துவிட்டது. "புதுசு எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் குழாய மூக்குகிட்ட புடிச்சிக்குங்க. கைய வுட்றாதீங்க."

இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். என் மகள் முகத்தைச் சுளித்தாள். உரித்த இடம் எரிந்திருக்கும். பிறகு போர்வைக்குள்ளிருந்து அவள் வலது கை வெளியே வந்தது. வழியில் ஒருமுறை மார்பின் மேல் விழுந்தது, திரும்ப எழுந்தது. தட்டுத்தடுமாறிக் கன்னத்துக்கு வந்து என் விரலைச் சுரண்டியது. போ என்று தள்ளுகிற மாதிரி தள்ளியது.

நான் கையை எடுத்துவிட்டேன்.

குழாயைப் பிடித்தாள். ஒரே இழுப்பில் வரவில்லை, இழுத்து நிறுத்தி மறுபடியும் இழுத்தாள். எச்சிலும் புளித்த பால் வாடையுமாக முழுக் குழாயும் வெளியே வந்தது. இருமினாள்.

நர்ஸ் ஓடிவந்தார். "புடிச்சிக்கச் சொன்னேனேம்மா! சும்மா பார்த்துட்டா இருந்தீங்க?"

"ஆமா சிஸ்டர். அவளேதான் புடுங்கினா."

அவர் என் முகத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிளாஸ்திரியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. படுக்கையெல்லாம் ஈரமாகிறதே என்று குழாயை அவள் கையிலிருந்து எடுக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.