காரை ஓடையில் காணாமல்போன சங்கு

டூர் நடத்தியவரே, நீங்கள் ஆள் பார்த்துத்தான் பையைத் திறந்தீர்கள்.

பெரம்பலூரில் பஸ் ஏறும்போது, வளர்மதி என்ற பெண்ணிடம் மட்டும் "ஊரு சரி, எந்தத் தெரு?" என்று கேட்டீர்கள். சாத்தனூர் கல்மரம் பார்த்துவிட்டு, ஆவாரம்பூ பூத்திருந்த காரை கிராமத்து ஓடைகளில் இறங்கினோம். அங்கே நீங்கள் காட்டிய, கல்லாகிப்போன கடல் சங்கைக் கிளம்பும்போது காணவில்லை. நேராக வளர்மதியிடம் போனீர்கள்.

"பையைத் தொறம்மா."

"எல்லாரையும் தொறக்கச் சொல்லுங்க சார், நானும் தொறக்கிறேன்."

பிடுங்கிக் கொட்டினீர்கள். சாப்பாட்டு டப்பாவும் ஒரு பிடி ஆவாரம்பூவும்தான் விழுந்தன. அப்படியும் திரும்பும்போது அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சங்கு என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

திருடியது நான்தான். வளர்மதியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் பாக்கெட்டை ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.