மிச்சம் தொண்ணூற்றாறு என்ன செய்யும்?

போன வருஷம் ஆடி மாசம். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். வேலையோடு வேலையாகத் தபால் வழியில் பிசிக்ஸ் படித்து, இப்போது ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். குவாண்டம் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் வந்து போகிற பஸ்ஸில் செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அதிலேயே பகுதிநேர ஆராய்ச்சிக்கும் பதிந்துவிட்டேன். களிமண்ணுக்குள் அலுமினியமும் ஆக்ஸிஜனும் எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். லேப்டாப்பில் போட்டாயிற்று. நிஜமான குவாண்டம் இயந்திரத்தில் ஒரு தடவையாவது ஓட்டிக் காட்டினால்தான் கடைசி அத்தியாயம் முடியும். மார்கழிக்குள் முடிக்காவிட்டால் ஏழு வருஷப் பதிவும் ரத்து. இனி நீட்டிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இயந்திரம் எங்கேயோ தூரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால், இன்டர்நெட் வழியாக ஓட்டிக்கொள்ள நேரம் ஒதுக்குவார்கள். நான் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. கல்லூரி மெயிலிலிருந்து அனுப்ப வேண்டுமாம். அந்த மெயிலின் பாஸ்வேர்டு தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம். வேப்பூரில் அவர் வீட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தேன். இரண்டாவது விண்ணப்பம், கையெழுத்து தெளிவாக இல்லை என்று திரும்பியது. “அந்த மெஷினு முகத்தைப் பாக்கறதுக்குள்ள உங்களுக்குக் கண்ணாடி பவர் ஏறிடும் போலருக்குது” என்றாள் என் மனைவி. சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மூன்றாவது தடவைதான் பிரவுசிங் சென்டர் பாயிடம் போனேன். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவர். அவர் பேச்சைக் கேட்கவே நான் அங்கே போவதுண்டு. “விண்ணப்பம்னா சம்பந்தம் பேசற மாதிரி சார், மொதல்ல மூஞ்சைப் பாப்பாங்க, அப்புறம்தான் விஷயத்தைப் பாப்பாங்க” என்பார். கையெழுத்தைப் பளிச்சென்று ஸ்கேன் செய்தார். பிறகு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வந்தது: எத்தனை க்யூபிட் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும்?

க்யூபிட் என்றால் அந்த இயந்திரத்துக்குள் வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நாலு ஆள் போதும். நேரம் அரை மணி.

“நாலா?” பாய் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நாலு கேட்டா ஒன்னுதான் சார் தருவான். நூறு போடுங்க. வெட்டறவன் வெட்டிட்டுப் போவட்டும்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்து வழக்கமே அதுதான். எதைக் கேட்டாலும் கூட்டிக் கேட்போம். பாதியை அடித்துக் கொடுப்பார்கள். அடிக்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். நூறு க்யூபிட், நாற்பது மணி நேரம் என்று நானே தட்டினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் எழுதியிருந்தார்; பேர் இல்லை. நாலே க்யூபிட் போதும் என்று மூன்றாம் பக்கத்தில் நானே கணக்குக் காட்டியிருக்கிறேனாம். ‘அப்படியானால் மிச்சம் தொண்ணூற்றாறு என்ன செய்யும்?’ என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே, என்னைப் போலப் பல பேர் வரிசையில் காத்திருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் திருத்தி அனுப்பினால் பார்ப்பதாகவும் இரண்டு வரி.

எனக்கு முகம் எரிந்தது. காரணம் உண்டு. செராமிக் வேலையில் இருந்தபோது, சின்ன யூனிட்டுகள் சேர்ந்து ஒரே சூளையில் சரக்கு எரிப்போம். ஒரு தடவை ஒருத்தர் இரண்டு அடுக்குப் பிடித்து வைத்துவிட்டு ஒன்றைக் காலியாகவே விட்டார். எங்கள் சரக்கு இன்னொரு வாரம் வெளியே கிடந்தது. “சூளையில காத்தையா எரிக்கிறே?” என்று ஆள் பார்க்கச் சண்டை போட்டவன் நான். இப்போது அதையேதான் செய்திருக்கிறேன்.

மறுநாள் சாயந்திர பஸ்ஸில், கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றபடி பதில் தட்டினேன். நாலு க்யூபிட், அரை மணி நேரம். வெட்டிவிடுவீர்கள் என்று பயந்து கூட்டிக் கேட்டேன், மன்னிக்கவும் என்றும் எழுதினேன். நாலைந்து நாள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்ததில் செல்போன் சார்ஜ் தீர்ந்ததுதான் மிச்சம்.

கிடைத்தது. நாலு க்யூபிட், அரை மணி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஓட்டினேன். லேப்டாப்பில் வந்த அழகான கோடு அங்கே வரவில்லை. இரைச்சலும் பிழையுமாக வந்தது. வந்ததை வந்தபடியே எழுதி, கார்த்திகைக் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

பாயிடம் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை. “வெட்டவே இல்லியா? நீங்க சொன்னதை அப்படியேவா நம்புனான்?” என்று இரண்டு தடவை கேட்டார்.

போன மாசம் கல்லூரி லேபுக்குக் கரண்ட் அளக்கிற மீட்டர் பத்து வேண்டும் என்று உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன். அஞ்சுதான் வந்தது. ஒரு மீட்டரைச் சுற்றி ஆறு பிள்ளைகள் நிற்கிறார்கள். அடுத்த தடவை இருபது போடச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எத்தனை வேண்டும் என்று கேட்கிற கட்டத்துக்கு வந்ததும், முகம் தெரியாத ஒருவர் என் எண்ணை அப்படியே நம்பியது நினைவுக்கு வருகிறது; கை பத்து என்றுதான் எழுதுகிறது.