எழாத முள்

பெரம்பலூரில் ஜெயசீலனிடம் வண்டியை விட்டால் செலவு குறையும் என்று பேர். நாள் கூடும் என்பது அந்தப் பேரோடு ஒட்டிக்கொண்ட வசவு. சில பட்டறைகளில் ஆயில் லைட் எரிகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எஞ்சினை இறக்கிவிடுவார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது என்பார் ஜெயசீலன். அவர் சில்லறைக் கோளாறிலிருந்துதான் தொடங்குவார். முதலில் ஆயில் அளவு, பிறகு சுவிட்சும் ஒயரும், அதற்கும் பிடிபடாவிட்டால் ஆயில் அழுத்தத்தை முள்ளில் காட்டும் பிரஷர் கேஜ். சின்னக் கோளாறாகவே இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு ஸ்பேனரைத் தொடுகிற மெக்கானிக் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். வேண்டுதல் பலித்த அன்று மனிதர் வாயெல்லாம் பல்லாகத் திரிவார். பலிக்காத அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது.

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, பழைய கார் ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்துக் குருநாதனுடைய வண்டி. மனைவி கவிதாவோடு சிறுவாச்சூர் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் கடகடவென்று அடித்திருக்கிறது. பயந்துபோய் ஓரங்கட்டிவிட்டார். இருந்த முந்திரித் தோப்பை விற்று வாங்கிய கார் அது. வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"தெனமும் காலையில ஆயில் குச்சிய உருவிப் பாத்துட்டுதாண்ணே வண்டிய எடுப்பேன். ஒரு பொட்டு கொறையல," என்றார் குருநாதன்.

ஜெயசீலனும் உருவிப் பார்த்தார். உண்மைதான், ஆயில் கோடு வரைக்கும் நின்றது.

"லைட் எரிஞ்சுதா?"

"ஒரு நாளும் எரியலண்ணே."

ஜெயசீலனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மறுநாள் வாடகைக்குச் சொல்லியிருந்தவர்களுக்குப் போன் போட குருநாதன் ரோட்டுப் பக்கம் போனார். ஜெயசீலன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சாவி போட்டதும் ஆயில் லைட் எரிந்தாக வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும்; அணையாவிட்டால் எஞ்சினுக்கு ஆயில் ஏறவில்லை என்று அர்த்தம். இங்கே லைட்டையே காணோம். குனிந்து பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில், மீட்டர் கண்ணாடியின் மேல், காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். நகத்தால் சுரண்டினார்.

"அழிச்சிடாதீங்கண்ணே! ஆயுத பூசைக்கு நான் வச்சது. அதுவா உதிரணும்," என்றாள் கவிதா.

அதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து சிவப்பாக லைட் தெரிந்தது. கவிதா அதையே பார்த்தாள்.

"அது என்ன லைட்டுண்ணே?"

"சாவி போட்டா எல்லா வண்டியிலயும் எரியறதுதான், தங்கச்சி."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவர் எஞ்சினில் இருந்த ஆயில் லைட் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டி, ஒரு நொடி எஞ்சினை ஓட்டினார். முள் எழவில்லை. கேஜைத் தட்டிப் பார்த்தார். வேறொரு கேஜை மாட்டிப் பார்த்தார். அதுவும் படுத்தே கிடந்தது. இனி வேண்டிக்கொள்ள அவரிடம் சின்னக் கோளாறு எதுவும் மிச்சமில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் தேங்கும் சட்டியைக் கழற்றினார். அதன் அடி உள்பக்கமாக நசுங்கியிருந்தது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திவிட்டுப் போகிற கல் எதிலோ ஏறியிருக்க வேண்டும். நசுங்கிய தகடு, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயைப் போய் அடைத்திருந்தது. சட்டி நிறைய ஆயில் இருந்தும் இத்தனை நாளும் எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியிருக்கிறது. பேரிங் தேய்ந்து, சட்டி ஆயிலில் பொடிப்பொடியாக மின்னியது. எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டும் கீறிக் கிடந்தது. முதல் நாளே லைட்டைப் பார்த்திருந்தால் சட்டியைத் தட்டி நிமிர்த்துவதோடு போயிருக்கும்.

குருநாதன் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே ஜெயசீலன் சொன்னார்.

"கல்லு அடிச்சிருக்கு. இந்த எஞ்சின் இனி ஆகாது குருநாதன். இதுல யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

கவிதா விடவில்லை. "அண்ணன் எனக்காக மறைக்கிறாருங்க. அவரு ஒங்ககிட்டக் கேட்ட அந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு. நான் வச்ச பொட்டுதான் அத மறைச்சிருக்கு."

குருநாதன் காருக்குள் எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று ஜெயசீலன் பயந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"அது லைட்டா?" என்றார் குருநாதன். மிச்சமிருந்த பொட்டை விரலால் தொட்டார். "பத்துப் பன்னெண்டு நாளா, பொழுது சாஞ்சா அந்தப் பொட்டு ஓரமெல்லாம் செவசெவன்னு ஒளிரும் கவிதா. நீ வச்ச பொட்டாச்சே, அம்மனே கூட வராளேன்னு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுதான் ஓட்டுனேன். அதச் சொல்லி அவள ஒரு தடவ கும்பிடணும்னுதான் இன்னிக்கு ஒன்னக் கூட்டியாந்ததே."

கவிதா பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயசீலன் கை சும்மா இருக்க முடியாமல் சட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தியலை எடுத்தார். இனி எதற்கும் ஆகாத அந்த நசுங்கலைத் தட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.