அடுத்த குடிசை உரல்

இரண்டு தோளும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது வியாகுலமேரிக்கு. விடிந்ததிலிருந்து ஜல்லி உடைத்த கை. கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், ஆனால் இது நடந்தது. பேரியாற்று அணை வேலைக் காலத்தில், கூடலூருக்கு மேலே மலையில், கூலிக்காரர் குடிசை வரிசையில் நடந்தது.

உள்ளே அவள் புருஷன் சின்னப்பன் காய்ச்சலில் கிடந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள் குறைவு. ஓடைப்பட்டியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கம் யாரையும் தெரியாது.

மடியில் முடிந்து வைத்திருந்த மிளகையும் சுக்கையும் கல்லில் வைத்துத் தட்டினாள். மிளகு நாலா பக்கமும் தெறித்தது.

"ஜல்லி ஒடைக்கிறவளுக்கு மொளகு ஒடைக்க வரலையாக்கும்" என்றான் சின்னப்பன், பல் கிட்டிக்க.

"சும்மா கெடய்யா. பக்கத்துல உரல் வாங்கியாறேன்."

வெளியே சாரல். இருட்டிவிட்டது. அடுத்த குடிசையில் மட்டும் விளக்கு எரிந்தது. மூங்கில் படல் கதவை வெளிப்பக்கமாகக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து எட்டிப் பார்த்தாள்.

ஆள் இல்லை. பாய்கூட இல்லை. தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும் புதுசாகச் சாணி மெழுகியிருந்தது. மெழுகிய இடத்துக்குக் குறுக்கே சின்ன இரும்பு உலக்கை. பக்கத்தில் அதற்கேற்ற வார்ப்பிரும்பு உரல்.

"ஆத்தா... யாரு இருக்கீக?"

இருட்டு மூலையிலிருந்து ஒரு பெண் குரல். காய்ந்த குரல்.

"எடுத்துக்க தாயி. இடிச்சு வச்சா எனக்கும் ஒரு வாய் குடு. தொண்ட அடைக்குது."

"கண்டிப்பா கொண்டாறேன் ஆத்தா."

உலக்கையைத் தூக்கினாள். விளக்கு அணைந்தது. காற்றே இல்லை.

உரலையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து இடித்தாள். ணங்... ணங்... கசாயம் ஒரு கிண்ணத்துக்குச் சுண்டியது. பாதியைப் புருஷனுக்குப் புகட்டி, மீதியைத் தனியே எடுத்து வைத்தாள். சின்னப்பன் அவள் முந்தானையைப் பிடித்தான்.

"இன்னங் கொஞ்சம் ஊத்து, மேரி."

அவன் கண்ணைப் பார்த்தாள். ஊற்றினாள். சொட்டு மிச்சமில்லை.

அவனுக்கு வேர்த்தது. தூங்கினான். அவளும் சுவரில் சாய்ந்தபடி அசந்தாள்.

ணங்...

விழித்தாள். சின்னப்பன் மூச்சு சீராக வந்தது.

ணங்... ணங்...

உரல் அவள் காலடியில் இருந்தது. உலக்கை அதற்குள். அசையவில்லை.

சத்தம் மட்டும் அதிலிருந்துதான்.

நின்றது.

படலுக்கு வெளியே...

"ஒரு வாய்..."

கழுத்து ஜெபமாலையைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

"சொன்னியே, தாயி..."

விடியும்வரை ஜெபமாலையைக் கைவிட்டாளில்லை.

காலையில் ஆள் கூப்பிட வந்தார் கங்காணி ராக்கையா. உரலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது எப்படி இங்கன வந்துச்சு?"

சொன்னாள்.

"அந்த வீட்டுல ஏது ஆளு? அது பொன்னாத்தா உரலு. நீங்க வாரதுக்கு மொத நாள்தான் அவளத் தூக்கிட்டுப் போய்ப் பொதச்சோம். பொணம் கெடந்த எடத்துல உலக்கையக் குறுக்க போட்டாத்தான் செத்தவுக திரும்பி வந்து படுக்க மாட்டாக. அத எடுத்துட்டியே, ஆத்தா!"

மேரியின் சனங்களுக்குச் சாவு வீட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும்தான். உலக்கை வழக்கம் அவளுக்குத் தெரியாது.

"அவுகளுக்கும் காய்ச்சலா?"

"ஆமா. ஒரு வாய் கசாயம், ஒரு வாய் கசாயம்னுதான் கெடந்தா. ஒண்டிக்கட்ட. இடிச்சுக் குடுக்க ஆளில்ல. நாங்க வேலைக்குப் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா... கையில உலக்கையப் பிடிச்சபடியே வெறச்சுக் கெடந்தா."

அன்றே அந்தக் குடிசையைக் கொளுத்தினார்கள். கீழே கம்பம் சந்தைக்கு ஆள் அனுப்பி மிளகு வாங்கி மேரி கசாயம் வைத்தபோது, ஊற்றுவதற்கு வீடு இல்லை. புதைத்த இடமும் மழையில் மண் கரைந்து அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

சின்னப்பன் பிழைத்துக்கொண்டான். பொன்னாத்தாளுக்கு ஒரு வாய்க் கசாயம் இன்னும் பாக்கி.