ஒன்றும் தெரியாதவர்கள் தேவை

தேர்வில் சரியான விடைக்கு டிக் போட்டவர் தெரிந்து போட்டாரா, குத்துமதிப்பாகப் போட்டாரா என்று கண்டுபிடித்துச் சொல்வது என் தொழில். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர்களே, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து நாள் முழுக்க உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். என் கஷ்டம் உங்களுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்கும் புரியாது.

இரண்டு பதில்கள்

மேரு என்ற ஊரில் இருக்கும் ஒரு கிடங்கின் மேனேஜர் குணசீலன், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பயிற்சி பெற்றவர்களின் விடைத்தாள்களை எனக்கு அனுப்பினார். பேக்கிங் பிரிவிலிருந்து வந்த விமலா என்ற பெண் அதில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தார். அது வெறும் அதிர்ஷ்டம் என்பது குணசீலனின் எண்ணம். நானும் அதையே சொன்னால் விமலா பேக்கிங்குக்கும் அதன் இரவு ஷிப்டுக்கும் திரும்ப வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் என்றால் பகல் ஷிப்ட். பள்ளி விட்டு வரும் மகளோடு மாலையில் இருக்கலாம்.

கணினி ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று எண்களைத் தேடும். கேள்வி எவ்வளவு கடினம், தெரிந்தவரையும் தெரியாதவரையும் எவ்வளவு கூர்மையாகப் பிரிக்கிறது, ஒன்றுமே தெரியாதவருக்கும் விடை சரியாகிவிடும் வாய்ப்பு எவ்வளவு. எழுதிய எல்லாருமே பயிற்சி பெற்றவர்களாகப் போனதால் அது இரண்டு பதில்களைக் கொடுத்தது. ஒன்றின்படி கேள்விகள் சுலபம், எல்லாரும் தெரிந்தே எழுதினார்கள். மற்றதன்படி கேள்விகள் கடினம், பலர் ஊகித்தார்கள். இரண்டும் விடைத்தாள்களோடு ஒரே அளவில் பொருந்தின. எது சரி என்று குணசீலன் கேட்டார். இந்தத் தாள்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றேன்.

"அப்ப நீங்களும் நம்ம ஆளுங்க மாதிரி ஏதாச்சும் ஒண்ணுல டிக் போட்டு அனுப்புங்க லா!"

விமலாவின் வாக்குமூலம்

நேரில் கேட்பது கணிதத்துக்கு இழுக்கு. இருந்தாலும் மேருவுக்குப் போய்க் கேட்டேன். ஊகித்தீர்களா என்று கேட்டதும் விமலா கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். என் துறையின் மொத்தச் சிக்கலையும் அவரைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

"சிலது தெரியும் சார், சிலது தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. டிக் ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானே விழுது."

சீனியா, பாலா?

மறுநாள் குணசீலன் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வந்துவிட்டார். அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் அவருக்கு ஒரு தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், வாங்கிக் கொடுத்து விளக்கினேன். இந்த இனிப்பில் சீனி எவ்வளவு, டின் பால் எவ்வளவு என்று குடித்துச் சொல்ல முடியுமா? எத்தனை கிளாஸ் குடித்தாலும் முடியாது. பால் இல்லாத தே ஓ ஒன்று வாங்கினால் சீனியின் கைவரிசை மட்டும் தனியாகத் தெரியும். அதேபோல, ஃபோர்க்லிஃப்ட் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் இந்தத் தேர்வை எழுதினால் ஊகத்தின் பங்கு தனியாகத் தெரிந்துவிடும்.

குணசீலன் பாதி கிளாஸில் தலையாட்டினார். பக்கத்தில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் முழுவதையும் கேட்டிருந்தார்.

"அண்ணே, இனிப்பு கம்மியா வேணும்னா 'குராங் மானிஸ்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. இதுக்குப் போயி ஏன் இவ்வளவு பேசுறீங்க?"

அறியாமைக்கு ஆள் சேர்ப்பு

கிடங்கின் மாடியில் கணக்குப் பிரிவும் மனிதவளப் பிரிவும் இருக்கின்றன. அங்கே யாரும் ஃபோர்க்லிஃப்டைத் தொட்டதில்லை. என் வேலைக்கு இதைவிட உயர்ந்த தகுதி கிடையாது. ஆனால், ஒன்றும் தெரியாதவர்கள் வந்து தேர்வெழுதலாம் என்று அறிவித்தால் யாரும் வருவதில்லை. மனிதவளப் பிரிவில் ஒருவர், கேவலப்பட்டுவிடக் கூடாது என்று வீட்டில் வீடியோ பார்த்துப் படித்துவிட்டு வந்தார். அறியாமை கெட்டுப்போனதால் அவரைத் திருப்பி அனுப்பினேன். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று குணசீலனே பென்சிலோடு உட்கார்ந்தார். அவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. கேள்விகளை எழுதியவரோ வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பயிற்சியாளர்.

மேனேஜரைப் பார்த்து மற்றவர்களும் எழுத உட்கார்ந்தார்கள். கணக்குப் பிரிவு சாந்தி மட்டும் தாளைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீளமான விடை

ஒன்றும் தெரியாதவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். காரணம் சாதாரணமானது. அந்தப் பயிற்சியாளர் சரியான விடையை மட்டும் பொறுப்போடு நீளமாக எழுதியிருந்தார். மற்ற மூன்றும் அரை வரி. கணினி இப்போது ஒரே பதிலைத் தயங்காமல் சொன்னது: இந்தத் தேர்வில் ஊகம்தான் ராஜா. விமலாவின் மதிப்பெண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல வருடமாக வண்டி ஓட்டுகிறவர்களின் மதிப்பெண்ணுக்கும் அதே கதிதான்.

அப்படியானால் விமலாவைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடலாமா என்று குணசீலன் கேட்டார். அதே நியாயப்படி எல்லா ஓட்டுநர்களையும் அனுப்ப வேண்டும் என்றேன். தாளை விட்டுவிட்டு ஆளை வண்டியில் ஏற்றிப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதைச் சொல்லவா சார் என்னைப் பரீட்சை எழுத வச்சீங்க?"

சாவி

கிடங்கில் முதலில் வண்டியில் ஏறியவர் விமலா. சரக்கு அடுக்கிய ஒரு பேலட்டை எடுத்தார், இரண்டு பக்கமும் பார்த்துப் பின்னால் வந்தார், ஹாரன் அடித்து வளைந்தார், மேல்தட்டில் இடித்த சத்தமே இல்லாமல் வைத்தார். வண்டியை நிறுத்தி முட்கரங்களைத் தரையில் இறக்கிய பிறகுதான் இறங்கினார். குணசீலன் ஓட்டுநர் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். இனி மாலையில் மகளோடு இருக்கலாம் என்பது விமலாவின் முகத்தில் தெரிந்தது. அதை அளக்க என்னிடம் எண் இல்லை. பிறகு அவர் நேராக மேனேஜரிடம் வந்து கையை நீட்டினார்.

"சார், நீங்களும் பாஸ் ஆயிட்டீங்களாமே. இந்தாங்க சாவி, அடுத்த பேலட்டை நீங்க எடுங்க."

ஒன்றும் தெரியாதவர்கள் கிடைத்தால்தான் தெரிந்தவர்களைக் கண்டுபிடிக்க முடிகிற இந்தத் தொழிலில், ஆளுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை, ஒப்புக்கொள்கிறவர்களுக்குத்தான் பஞ்சம்.